எனக்குக் காரைக்குடிப் பக்கம். வெளியூரில் ஓர் எலக்ட்ரான் பீம் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. கதிர்வீச்சு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா?

போகலாம் தம்பி. பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இதே பயம் ஒரு தடவை என் கல்யாணப் பேச்சையே நிறுத்தியிருக்கிறது.

காரைக்குடிப் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். டிப்ளமோ முடித்திருப்பாய், வெளியூரில் முதல் வேலை, அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். உறவில் யாராவது ஒருவர் போன் போட்டு, "அணு சம்பந்தப்பட்ட இடமாமே" என்று கொளுத்திப் போட்டிருப்பார். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

நான் விஞ்ஞானி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்துவிட்டு, வடக்கே ஒரு கேபிள் ஆலையில் 19 வருடம் எலக்ட்ரான் முடுக்கி ஓட்டியவன். அந்த ஆலையை விட்டு வந்து நாளாகிவிட்டது. அவர்களுக்கு வக்காலத்து வாங்கி எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. கீழே யாராவது செர்னோபில் என்று எழுதுவார்கள். அது அணு உலை. இங்கே உலையும் இல்லை, யுரேனியமும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. சூடான இழையிலிருந்து எலக்ட்ரானை எடுத்து, வெற்றிடத்தில் வோல்டேஜ் கொடுத்து ஓட விட்டு, கேபிள் மேல் பாய்ச்சுகிறோம். அந்தக் கற்றைதான் பீம். பழைய டப்பா டிவியின் படக்குழாயில் நடந்ததும் இதுதான். கலர் டிவியில் சுமார் 25,000 வோல்ட், எங்கள் இயந்திரத்தில் 15 லட்சம் வோல்ட். சுவிட்சை அணைத்தால் எலக்ட்ரான் நின்றுவிடும். கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து ஓட்டும் காமா ஆலைக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். அதை அணைக்க முடியாது, தண்ணீர்த் தொட்டிக்குள்தான் இறக்கி வைக்க வேண்டும்.

2004 தை மாதம். தேவகோட்டையில் பெண் பார்த்து எல்லாம் கூடி வந்திருந்தது. பேசி முடித்துக்கொள்ள எங்கள் வீட்டு முகப்பில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அம்மான், "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நான் பெருமையாக விளக்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. கதிர்வீச்சு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் என் அப்பச்சி, அதாவது அப்பா பக்கம் திரும்பி, "பிள்ளை குட்டி பிறக்குமா?" என்றார். அத்தனை பேர் முன்னால். அப்பச்சிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். போனவர்கள்தான்.

எனக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்த ஊர் இது. கதிர்வீச்சு பட்டால் பாலித்தீன் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் என்று இங்கிலாந்தில் சார்ல்ஸ்பி என்ற விஞ்ஞானி வெளியிட்டதும் ஏறக்குறைய அதே நேரம், 1952. விஞ்ஞானத்துக்கு வாசலைத் திறந்து வைத்த ஊரில் ஒரு மாப்பிள்ளையை இப்படிக் கேட்டார்களே என்றுதான் மனசு ஆறவில்லை.

அன்று சாயங்காலம் அப்பத்தா என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா ராசா, நீ அங்க என்னதான் செய்யிற?" என்று கேட்டார்கள். கேபிள் மூட்டுக்குப் போடும் வெப்பச் சுருக்கக் குழாயில் ஒரு துண்டு என் பையில் கிடந்தது. கறுப்பு நிறம், நாலு அங்குல நீளம், விரலை விட்டால் தொளதொள என்று ஆடும். அப்பத்தாவின் ஊன்றுகோல் பிடி தேய்ந்து தேய்ந்து புளியங்கொட்டை மாதிரி வழவழத்துப் போய், கையிலிருந்து நழுவும். குழாயை அந்தப் பிடியில் மாட்டி, அடுப்படியில் கேஸ் அடுப்பைக் குறைத்து வைத்து, தீயில் படாமல் மேலாகச் சுற்றிக் காட்டினேன். குழாய் அப்படியே சுருங்கி, கட்டையின் மேடு பள்ளமெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி கவ்விக்கொண்டது. அப்பத்தா பிடித்துப் பார்த்தார்கள். "முந்தி இருந்த அளவு இதுக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்கள். படிக்காத மனுஷி. 19 வருடத்தில் இந்த வேலையை இதை விடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நடப்பது அதுதான். சிறிய குழாயாக வார்த்து பீமில் காட்டினால் உள்ளே சங்கிலிகள் பிணைந்துகொள்ளும். அப்புறம் சூடாக்கி, விரித்து, விரித்தபடியே ஆற வைப்பார்கள். மறுபடி சூடு பட்டால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

கேபிளும் அப்படித்தான். சாதாரண பாலித்தீன் 110 டிகிரி வாக்கில் இளகிவிடும். பீமில் போய் வந்ததை ஒரு கீற்று வெட்டி, எடை கட்டி, 200 டிகிரி அடுப்பில் 15 நிமிஷம் தொங்க விடுவோம். நீளும், ஆனால் அறுந்து விழாது. தினமும் முதல் சுருளுக்கு இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் எங்களுக்கு டீ. ரயில் பெட்டி, கார், சோலார் பலகை எல்லாவற்றிலும் இந்த மாதிரிக் கேபிள் ஓடுகிறது. டயர் ஆலையில் ரப்பர் அடுக்கு அச்சில் ஏறும் முன் கலைந்து போகாமல் இருக்க லேசாகப் பீம் காட்டுவார்கள். ஊசி, கையுறையை அட்டைப் பெட்டியோடு கிருமி நீக்குவார்கள். அதற்கு வழக்கமான அளவு 25 கிலோகிரே. கிரே என்பது பொருளில் இறங்கும் கதிர்ச் சக்தியின் அளவு. அவ்வளவு சக்தியும் தண்ணீரில் இறங்கினால் சூடு 6 டிகிரிதான் ஏறும். இந்தூரில் காய்கறிச் சந்தைப் பக்கத்திலேயே அரசு இப்படி ஓர் ஆலை வைத்திருக்கிறது.

பொருளில் கதிரியக்கம் தங்குமா என்பதுதான் உன் அம்மாவின் கேள்வியாக இருக்கும். தங்காது. இந்தச் சக்தியில் எலக்ட்ரான் அணுவின் வெளி எலக்ட்ரான்களைத்தான் கலைக்கும், அணுக்கருவை மாற்றாது. உணவுப் பொருளுக்கு 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் என்று உச்ச வரம்பு வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பீம் ஓடும்போது அறைக்குள் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரான் உலோகத்தில் மோதினால் எக்ஸ்ரே கிளம்பும், அதற்குத்தான் அவ்வளவு கனமான கான்கிரீட் சுவர். காற்றில் ஓசோன் என்ற நச்சு வாயு உண்டாகும். நிறுத்திய உடனே உள்ளே ஓடாதே, விசிறி இழுத்து முடிக்கட்டும். மூக்கில் ஏறும் அந்த நெடியை ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. இயந்திரம் போடும் முன் ஒருவர் உள்ளே போய், மூலை மூலையாகப் பார்த்து, அங்கங்கே இருக்கும் பொத்தான்களை அழுத்திவிட்டு வந்தால்தான் பீம் கிளம்பும். ஒரு மேற்பார்வையாளர் உற்பத்தி தாமதமாகிறது என்று, கதவு திறந்தால் பீமை நிறுத்தும் சுவிட்சில் டேப் ஒட்டச் சொன்னார். முடியாது என்று சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வேலையில் சேரும் முன் நீ கேட்க வேண்டியது இதைத்தான். கதவுப் பூட்டு எப்படி வேலை செய்கிறது, உடம்பில் ஏறும் கதிரைக் காட்ட அணிந்துகொள்ளும் கதிர் அளவுப் பட்டை தருகிறார்களா, அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் இருக்கிறதா. பணியாளர் உடம்பில் ஏறும் கதிருக்குச் சட்ட வரம்பு ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். என் பட்டையில் குறித்துச் சொல்லும்படி எதுவும் ஏறியதில்லை.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இதை ஆதாரமாகச் சொல்லவில்லை, ஒருவர் கதை எதையும் நிரூபிக்காது. அந்த அம்மானுக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த முகப்பில் இப்போது தூண் இல்லை. பங்காளிகள் பதினொரு பேர். ஓடு மாற்றப் பணம் கேட்டால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். பர்மாத் தேக்குத் தூணைப் பழம்பொருள் கடைக்குப் பேசி விற்பதற்கு மட்டும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஒருவன் தடுத்தேன், நடக்கவில்லை. இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஊருக்குப் போனால் அந்தப் பக்கம் உட்கார முடியவில்லை. உங்கள் வீட்டில் இன்னும் தூண் நின்றால் விட்டுக்கொடுக்காதே.

சரி, அம்மா விஷயம். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். எலக்ட்ரிகல் கடையில் சுருக்கக் குழாய் ஒரு மீட்டர் வாங்கு. பிவிசி வேண்டாம், பாலித்தீன் வகையைச் சேர்ந்த பாலியோலிஃபின் என்று கேள். வீட்டில் பிடி நழுவும் சாமான் ஏதாவது இருக்கும், அதைவிடக் கொஞ்சம் பெரிய அளவாகப் பார்த்து எடு. அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பக்கத்தில் கூப்பிடு.