‘பலமுறை கண்டித்தும்’: டீச்சர், உங்கள் வழக்கு இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது

வாசகி கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகக் கணித ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் நடக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்தான். போனைக் கேட்டதற்கு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கெட்ட வார்த்தை சொன்னான். மர ஸ்கேலால் இரு கையிலும் ஒவ்வோர் அடி அடித்தேன். மறுநாள் அவன் அப்பா அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். இப்போதைக்கு சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆருக்கு முன்பு தரும் புகார் ரசீது) மட்டும் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் கேட்டதால் அன்றே விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இப்போது அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரிய தண்டனைக்கான 17(பி) குற்றக் குறிப்பாணை வந்திருக்கிறது. 15 நாளில் பதில் தர வேண்டும். வகுப்பில் 40 மாணவர்கள் எனக்காகக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டுத் தடை வாங்க முடியுமா?

பதில்:

டீச்சர், நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அந்தப் பையனின் சேட்டை, அவன் அப்பாவின் கட்சிச் செல்வாக்கு, தலைமையாசிரியரோடு உங்களுக்குள்ள பழைய மனஸ்தாபம். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், வழக்குக்கு உதவாது. அவன் என்ன பேசினான் என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்கும் இடத்தில் ஒரு வரியாக வரும். அடித்ததற்கு நியாயமாக வராது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதியை 2003-இல் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தபோதே அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று சங்கத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்பது சரிதான். இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது வரை வரும். அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு வகுப்புக் கணக்கே கிடையாது. அந்த வாதத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் நின்று படித்தது, நீங்கள் தலைமையாசிரியரிடம் கொடுத்த கடிதத்தின் நகலை. மூன்றே வரி: “மாணவனைப் பலமுறை கண்டித்தும் திருந்தாததால், அன்று ஆத்திரத்தில் ஸ்கேலால் அடித்துவிட்டேன். இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன்.”

இதைக் குறிப்பாணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் குற்றச்சாட்டு, அன்று அடித்தது. இரண்டாவது, ‘மாணவனைத் தொடர்ந்து உடல்ரீதியாகத் தண்டித்து வந்தது’. இந்தத் ‘தொடர்ந்து’ எங்கிருந்து வந்தது? அப்பாவின் புகாரில் இல்லை. பையனின் வாக்குமூலத்தில் இல்லை. மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில் (காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் நகல்), தெரிந்த நபர் ஒருவர் ஸ்கேலால் அடித்ததாக ஒரு நாள் சம்பவம்தான் இருக்கிறது, சாதாரணக் காயம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆக, அது உங்கள் கடிதத்திலிருந்துதான் வந்திருக்கிறது. நம் ஊரில் ‘கண்டிச்சு வைங்க சார்’ என்று பெற்றோர் சொன்னால், வாயாலா கையாலா என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. நீங்கள் வாயால் என்ற பொருளில் எழுதினீர்கள். அதிகாரி கையால் என்று படித்துவிட்டார். ஒரு நாள் தவறு, பல நாள் பழக்கமாகிவிட்டது.

‘ஆத்திரத்தில்’ என்ற சொல்லும் அப்படியே. மாணவனின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த சிறு தண்டனை என்ற வாதத்தைச் சில உயர் நீதிமன்றங்கள் குற்ற வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. ஆத்திரத்தில் அடித்தேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

என்னிடம் வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விழுகிறார்கள். போலீசைக் கண்டால் பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள், தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினால் மனம் விட்டு எழுதிவிடுவார்கள். சட்டம் நேர் எதிர். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தது துறை விசாரணையிலும் வரும், நீதிமன்றத்திலும் வரும்.

கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ‘மிரட்டி வாங்கினார்’ என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வகுப்பே பார்த்திருக்கிறது, மருத்துவச் சீட்டு இருக்கிறது. அடிக்கவே இல்லை என்று மறுத்தால், உண்மையான மறுப்பும் சேர்ந்து அடிபடும். முதல் குற்றச்சாட்டை நடந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்: எந்த நாள், எந்தப் பாடவேளை, மர ஸ்கேல், கைக்கு ஓர் அடி. அதற்கு மேல் ஒரு பெயரடைகூட வேண்டாம். இரண்டாவதை அடியோடு மறுங்கள். ‘கண்டித்தேன்’ என்று எழுதியது வாய்மொழி அறிவுரையைக் குறிக்கும் என்று சொல்லி, முன்பு அவன் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் பேசியதற்குச் சான்று இருந்தால் சேருங்கள். ஆவண நகல் கேட்பது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது எல்லாம் சங்கத்தில் சொல்லித் தருவார்கள், நான் நீட்டவில்லை.

சான்று இருந்தால் என்றேன். இல்லாவிட்டால் உண்டாக்காதீர்கள். நான் வழக்கு நடத்திய ஒருவர், நல்ல ஆசிரியர், குறிப்பாணை வந்த பிறகு மாணவர் நடத்தைப் பதிவேட்டில் மூன்று பதிவுகளைப் பின்தேதியிட்டு எழுதினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூன்றும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். அதில் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை. விசாரணை அலுவலர் பேசவே இல்லை, காலண்டரைத் திருப்பி மேசையில் வைத்தார். அடித்த வழக்கு அன்றோடு பின்னுக்குப் போய், அரசு ஆவணத்தைத் திருத்திய வழக்கு முன்னுக்கு வந்துவிட்டது. கண்டனத்தோடு முடிந்திருக்க வேண்டியவர் வேலையை இழக்கும் இடத்தில் போய் நின்றார்.

அந்த 40 கையெழுத்தும் வேண்டாம். அவர்களுக்கு மதிப்பெண் போடுபவர் நீங்கள். நீங்கள் கேட்டு அவர்கள் கையெழுத்திட்டால் சாட்சிகளைக் கலைத்தீர்கள் என்று இன்னொரு குற்றச்சாட்டு வரும். அந்தப் பையனும் தினம் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். நாற்பது பேரை ஒரு பிள்ளைக்கு எதிராக நிறுத்தாதீர்கள்.

ரிட் பற்றி: குறிப்பாணை வந்த நிலையிலேயே அதை எதிர்த்து ரிட் போடுவதைச் சாதாரணமாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. அப்படியே தடை கிடைத்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். 17(பி) நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் நகராது. தடை வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பின்னால் பணியில் சேர்ந்தவர் தலைமையாசிரியராக வந்து உட்கார்வதைப் பார்த்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள். கேட்க வேண்டியது கண்டனம், அல்லது ‘திரண்ட பயனின்றி’ ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், அதாவது ஓராண்டு கழிந்ததும் விட்ட உயர்வு திரும்பச் சேர்ந்துவிடும். உத்தரவில் அது ‘திரண்ட பயனுடன்’ என்று மாறினால் கடைசிச் சம்பளம் வரை அடி விழும். மேல்முறையீட்டுக்கான நேரம் அதுதான்.

இனிக் காவல் நிலையம். இங்கே ஒளிக்காமல் சொல்கிறேன், சமாதானமாகப் போய்விடுங்கள், இந்த வாரமே. இன்று இருப்பது சி.எஸ்.ஆர். மட்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), சாதாரணக் காயம். அது வழக்கானாலும் நீதிமன்ற அனுமதியோடு பையன் சார்பில் பெற்றோர் சமரசம் செய்துகொள்ளலாம். எஃப்.ஐ.ஆரில் குழந்தையைக் கொடுமைப்படுத்துவதற்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு ஏறிவிட்டால் நிலைமை வேறு. 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் என்று உங்களைச் சேர்த்தால் 5 ஆண்டு வரை போகும். அதை நீங்களும் அப்பாவும் பேசி முடிக்க முடியாது, ரத்து கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

அவர் வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். பணம் பேசாதீர்கள். நீங்கள் கவரை நீட்டும்போது எதிரே ஒரு போன் ஓடிக்கொண்டிருக்கும். 20 ரூபாய்ப் பத்திரத்தில் ஊர்ப் பெரியவர்கள் எழுதும் சமரசத்துக்கும் மதிப்பில்லை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரையும் பெற்றோர் ஒருவரையும் வைத்துக்கொண்டு பள்ளியிலேயே உட்காருங்கள். பையனும் இருக்கட்டும். அவனைப் பார்த்து, அடித்தது தவறு என்று சொல்லுங்கள். முதல் குற்றச்சாட்டை ஏற்கப்போகிறீர்கள், அதனால் இதைச் சொல்வதில் சட்டப்படி உங்களுக்குப் போவது ஒன்றுமில்லை. அவனுக்கு அது தேவை, டீச்சர். அன்று அவன் கையை நீட்டியதும் வகுப்பு முன்னால்தானே. எழுத்து உங்கள் பக்கமிருந்து வேண்டாம். புகாரை மேலே கொண்டுபோக விருப்பமில்லை என்று அப்பா காவல் நிலையத்துக்கு எழுதட்டும், நகல் ஒன்று வாங்கி வையுங்கள். அதனால் 17(பி) நிற்காது, அதை நடத்துவது துறை. தண்டனையைத் தீர்மானிக்கும்போது அந்த நகல் பேசும்.

சமாதானம் கூடாமல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துருங்க, ஒரே நாள்ல முடிஞ்சிரும்’ என்று வராந்தாவில் யாராவது சொல்வார்கள். 1,000 ரூபாய் அபராதமும் தண்டனைத் தீர்ப்புதான். குற்ற வழக்கில் தண்டனை பெற்ற அரசு ஊழியரைத் தனி விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய அரசமைப்பின் 311(2) வழி விடுகிறது. கட்டாதீர்கள்.

15 நாளில் நான்கு போய்விட்டது. முதலில் பையனின் அப்பா, பிறகு பதில். பதிலை எழுதியதும் அனுப்ப வேண்டாம். ‘கண்டித்தேன்’, ‘கட்டுப்படுத்தினேன்’, ‘திருத்த முயன்றேன்’ போன்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டு, உங்களைத் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவருக்கு என்ன புரிகிறது என்று கேளுங்கள்.