பேசவே பயப்படுகிற பெண்ணுக்குப் பேச்சு சிகிச்சையா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மார்க்கில் குறையே இல்லை. ஆனால் வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் கை நடுங்குகிறது, தொண்டை அடைக்கிறது என்கிறாள். இரண்டு வருடமாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. செமினார் எடுக்க வேண்டிய நாளில் வயிற்று வலி வந்துவிடும். ஸ்கேன் பார்த்ததில் ஒன்றுமில்லை. டாக்டர் கவுன்சலிங் போகச் சொன்னார். வாயே திறக்காதவளை பேசி எப்படிக் குணமாக்குவார்கள்? மாத்திரை கிடையாதா? என் கணவரோ, “காலேஜ் போனா சரியாயிடும், பொண்ணு அடக்கமா இருக்கறது நல்லதுதானே” என்கிறார்.
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: முதலில் அந்த வயிற்று வலி. அது நடிப்பு இல்லை. பயம் வந்தால் குடலுக்கும் அது தெரியும். ‘வயித்தைக் கலக்குது’ என்று நாமே சொல்கிறோமே, அதுதான். ஸ்கேனில் அது விழாது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். கூச்ச சுபாவமுள்ள பெண் கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். ஆனால் போவாள். உங்கள் மகள் போவதையே விட்டுவிட்டாள். இப்படி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் பழக்கவழக்கத்தையும் தின்ன ஆரம்பித்தால் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறோம். பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்தில்தான் தலைகாட்டும். பையன் பேசாவிட்டால் கவலைப்படுகிற வீடு, பெண் பேசாவிட்டால் மெச்சிக்கொள்கிறது. அந்த மெச்சுதலில் இரண்டு வருடம் போய்விட்டது. காலேஜிலோ வைவா, பிரசன்டேஷன், கேம்பஸ் இன்டர்வியூ என்று வரிசையாகக் காத்திருக்கின்றன.

இனி உங்கள் கேள்வி. கவுன்சலிங் என்றதும் ‘தைரியமா இரும்மா, யாரும் உன்னைக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க’ என்று ஒருவர் புத்தி சொல்வதை நினைக்கிறீர்கள். அதை அவள் வீட்டிலேயே ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். நான் சொல்வது சிபிடி என்கிற எண்ணம்–நடத்தை சிகிச்சை. பேச்சு சிகிச்சை என்று பெயர்தான்; பாதிக்கு மேல் செய்து பார்ப்பது.

வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவளுக்கு என்ன நடக்கிறது? அவள் நம்பர் 23 என்றால் 18-லேயே நெஞ்சு அடிக்கத் தொடங்கும். டீச்சர், தோழிகள், கரும்பலகை எல்லாம் மறைந்து, கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடும். மனசுக்குள் ஒரு படம் ஓடும்: முகம் சிவந்து, குரல் நடுங்கி அவள் நிற்கிறாள், வகுப்பே பார்க்கிறது. பதற்றம் வரைந்த படம் அது. அவளோ அதை போட்டோ என்று நம்புகிறாள். நம்பியதால் தற்காப்பு வேலைகள்: முடியை முகத்தில் தள்ளிக்கொள்வது, இன்னமும் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிவது, சொல்லப்போவதை மனசுக்குள் பத்து தடவை ஒத்திகை பார்ப்பது. ஒத்திகையில் மூழ்கியிருப்பவளைப் பார்த்து ‘திமிர் பிடிச்சவ’ என்று மற்றவர்கள் ஒதுங்குவார்கள். அவளுக்கோ ‘பார்த்தியா, யாருக்கும் என்னைப் பிடிக்கலை’. இந்தச் சுழலை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-ல் துல்லியமாக விளக்கினார்கள். சிகிச்சை இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது.

எப்படி? சிகிச்சையாளருடன் அவள் சில நிமிடம் பேசுவதை வீடியோ எடுப்பார்கள். போட்டுக் காட்டுவதற்கு முன் அவளே மார்க் போட வேண்டும்: முகம் எவ்வளவு சிவந்திருக்கும், குரல் எவ்வளவு நடுங்கியிருக்கும், நூற்றுக்கு எத்தனை? பிறகு யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்கச் சொல்வார்கள். பல பிள்ளைகள் அங்கேயே ஒரு நிமிடம் வாயடைத்துப்போவார்கள். நெஞ்சுக்குள் அடித்த புயல் திரையில் இல்லை.

அடுத்தது வெளியே. கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது, தெரிந்த பஸ்ஸையே ‘எங்க போகுது’ என்று கண்டக்டரிடம் கேட்பது, வகுப்பில் வேண்டுமென்றே தப்பாக ஒரு பதில் சொல்வது. வேதியியல் ரெக்கார்டு நோட்டில் சோதனை, காண்பன, அறிவன என்று கட்டம் போடுவார்களே, அதே மாதிரிதான். ‘எல்லாரும் சிரிப்பாங்க’ என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு, போய், எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணிவிட்டு வர வேண்டும். ஒருவர் சிரித்திருந்தால் அதையும் எழுதலாம்; அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதையும்.

முதல் நாள் அவள் வாய் திறக்காவிட்டால்? திறக்க வேண்டாம். காகிதத்தில் எழுதலாம், தலையாட்டலாம். பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த மௌனம் புதிதில்லை.

மாத்திரை பற்றி: பெரியவர்களுக்கு உண்டு. பிள்ளைகளுக்கு வழக்கமாக மாத்திரை தர வேண்டாம், இந்தச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்கிறது பிரிட்டனில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்குப் பரிந்துரைக்கிற நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். 45 நிமிடம் வீதம் 8 முதல் 12 அமர்வுகள் என்பது அதன் கணக்கு. கூடவே மனச்சோர்வு இருந்தால் மனநல மருத்துவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். பள்ளிக்கே போகமாட்டேன் என்றாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தாலோ அன்றே அழைத்துப்போங்கள்.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளராகத் தேடுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், இரவிலும் தமிழிலேயே பேசுவார்கள். அவள் பேசத் தயங்கினால் முதலில் நீங்களே பேசுங்கள். போகிற இடத்தில் ‘சிபிடி செய்வீர்களா, வீட்டுக்குப் பயிற்சி கொடுப்பீர்களா’ என்று கேளுங்கள். முதல் மூன்று அமர்வும் வெறும் அறிவுரையிலேயே போனால் ஆளை மாற்றுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். அவள் வெளியே வந்ததும் ‘என்ன பேசினே’ என்று துருவாதீர்கள். ஆபத்தான விஷயம் என்றால் சிகிச்சையாளரே உங்களிடம் சொல்வார்.

கடைசியாக உங்களைப் பற்றி. சொந்தக்காரர்கள் ‘எப்படிம்மா படிக்கிற’ என்று அவளைக் கேட்டால் பதில் உங்கள் வாயிலிருந்து வருகிறது, இல்லையா? பாசம்தான், ஆனால் அதுவும் அவளுடைய மாஸ்க் மாதிரியே வேலை செய்கிறது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். எதிலிருந்து தொடங்குவது என்று அவளையே கேளுங்கள். ஹோட்டலில் என்றால், சர்வர் வந்து நிற்கும்போது நீங்கள் மெனு கார்டையே பார்த்துக்கொண்டிருங்கள். அவள் ‘ஒரு ரவா தோசை’ என்று சொல்லி முடிக்கிற வரை, சர்வரே உங்கள் பக்கம் திரும்பினாலும்.