கேள்வி – பதில்: வாயுக் கணக்கில் எந்த அலகு?

கேள்வி: 27 பாகை செல்சியஸ், 1.0 × 10⁵ பாஸ்கலில் 500 கன சென்ரிமீற்றர் ஒட்சிசனின் திணிவு கேட்கப்பட்டது. எனக்கு 6.4 கிலோகிராம் வருகிறது. PV = nRT என்ற வாயுச் சமன்பாட்டைச் சரியாகத்தான் எழுதினேன். எங்கே பிழை?
– உயர்தர மாணவி, கோப்பாய்

பதில்: கனவளவை மாற்றிய இடத்தில். 500 ஐ 100 ஆல் வகுத்து 5 கன மீற்றர் என்று போட்டிருக்கிறீர்கள். மீற்றருக்கு 100 சென்ரிமீற்றர் என்பது நீளத்துக்கு மட்டுமே. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஒரு கன மீற்றருக்கு 10⁶ கன சென்ரிமீற்றர். ஆகவே உங்கள் கனவளவு 5 × 10⁻⁴ கன மீற்றர். அமுக்கத்தால் பெருக்க 50 யூல். அதை 8.314 × 300 ஆல் (வாயு மாறிலி R × கெல்வினில் வெப்பநிலை, 27 + 273) வகுக்க 0.020 மூல். ஒட்சிசனின் மூலர்த் திணிவான 32 ஆல் பெருக்க 0.64 கிராம்.

அரை லீற்றர் போத்தலுக்குள் ஆறு கிலோ வாயு அடங்குமா என்று விடை வந்தவுடன் யோசியுங்கள். கணிகருவி அனுமதிக்கப்படாத இரசாயனவியல் பரீட்சையில் இந்தப் பழக்கம் மிகவும் பெறுமதியானது.

வினாத்தாளில் தரப்படும் 8.314 யூலோடு சேர்ந்த மாறிலி. பாஸ்கலைக் கன மீற்றரால் பெருக்கினால் யூல் வரும். கிலோபாஸ்கலை லீற்றரால் பெருக்கினாலும் யூல்தான், ஏனென்றால் 10³ உம் 10⁻³ உம் வெட்டுப்படும். 100 × 0.5 = 50, பத்தின் அடுக்கே தேவையில்லை. கையால் செய்பவர்களுக்கு இந்தச் சோடிதான் நல்லது. பாஸ்கலோடு லீற்றரைக் கலந்தால் விடை 1000 மடங்காகிவிடும். அமுக்கத்தை வளிமண்டலம் என்ற அலகிலும் கனவளவை லீற்றரிலும் கணக்குத் தந்தால் மட்டும் R ஆக 0.0821 ஐ எடுங்கள்.

கேள்வி: இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது அலகுகள் வெட்டுப்பட்டுவிடும் அல்லவா? பிறகு ஏன் கெல்வினுக்கு மாற்ற வேண்டும்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் நீங்கள் சொல்வது சரி, இரு பக்கமும் ஒரே அலகு இருந்தால் போதும். செல்சியஸின் பூச்சியம் உண்மையான பூச்சியம் அல்ல, அதனால் விகிதம் பிழைக்கும். மோட்டார் சைக்கிள் ரயர் ஒன்றில் காலையில் 27 பாகையில் மானி 30 பீ.எஸ்.ஐ. காட்டுகிறது என்று வையுங்கள். ஓடி ஓடி உள்ளே காற்று 47 பாகைக்குச் சூடாகிறது, கனவளவு மாறவில்லை. செல்சியஸில் போட்டால் 52 வரும். அது நடக்காத காரியம். கெல்வினில் போட்டால் 32. அதுவும் முழுச் சரியில்லை. ரயர் மானி வெளிக்காற்றுக்கு மேலதிகமான அமுக்கத்தை மட்டுமே காட்டும், அதன் பூச்சியமும் பொய்ப் பூச்சியமே. முதலில் வெளிக்காற்றின் அமுக்கமான 14.7 ஐக் கூட்டி 44.7 ஆக்கி, 320/300 ஆல் பெருக்கினால் 47.7. திரும்ப 14.7 ஐக் கழித்தால் 33. மானி காட்டப்போவது இதைத்தான்.

கேள்வி: ஒரு மூல் வாயுவுக்கு 22.4 லீற்றரா, 22.7 லீற்றரா?
– மாணவர், நல்லூர்

பதில்: அமுக்கத்தைப் பாருங்கள். 1 வளிமண்டலம், அதாவது 101325 பாஸ்கல் என்றால் 22.4. 10⁵ பாஸ்கல் என்றால் 22.7. இரண்டும் 0 பாகை செல்சியஸுக்கு உரியவை. 27 பாகை, 10⁵ பாஸ்கல் என்று கணக்கில் இருந்தால் 24.9 லீற்றர்.