டிஎல்எல் காணவில்லை என்கிறதா? பழைய மென்பொருள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு மென்பொருளைப் புதிய விண்டோஸ் 11 கணினிக்கு மாற்றினோம். திறந்தால் "எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் கிடைக்கவில்லை, நிரலை மீண்டும் நிறுவிப் பாருங்கள்" என்று வருகிறது. திரும்பத் திரும்ப நிறுவியும் அதே கதைதான். அந்த ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் தரும் தளம் ஒன்று இருக்கிறது. எடுத்து சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல் கோப்பு. அந்தக் கோப்பு யாருடையது என்று முதலில் பாருங்கள். உங்கள் கணக்கு மென்பொருளை எழுதியவர்கள் அதை எழுதவில்லை. அது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ 2010 ரன்டைமை, அதாவது அந்தக் கருவியில் எழுதிய நிரல்கள் ஓடத் தேவையான கோப்புத் தொகுப்பைச் சேர்ந்தது. பழைய கணினியில் வேறு ஏதோ ஒரு மென்பொருள் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கும், உங்களுடையது அதன் தயவில் ஓடியிருக்கும். உங்கள் இன்ஸ்டாலருக்குள்ளேயே அது இல்லையென்றால் எத்தனை தடவை நிறுவினாலும் வரப்போவதில்லை.

பெயரில் இருக்கும் எண்ணை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். 71 என்றால் விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட் 2003. 80 என்றால் 2005, 90 என்றால் 2008, 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. 140 என்று வந்தால் 2015 அல்லது அதற்குப் பிந்தையது. எம்எஸ்விசிஆர் என்பதற்குப் பதில் எம்எஸ்விசிபி என்று கேட்டாலும் அதே எண், அதே பேக்கேஜ்தான். 2005 முதல் உள்ளவற்றுக்கு, மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்த ஆண்டுக்குரிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை (ரன்டைமை நிறுவும் பேக்கேஜ்) இறக்கி நிறுவுங்கள்.

ஒற்றைக் கோப்பு தரும் தளங்களைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டிஎல்எல் என்பது படம், எழுத்து மாதிரி சும்மா கிடக்கும் கோப்பு அல்ல. உங்கள் மென்பொருளுக்குள்ளேயே நுழைந்து ஓடும் நிரல். கணக்கு மென்பொருள் எதையெல்லாம் படிக்கிறதோ, எங்கெல்லாம் எழுதுகிறதோ, அத்தனையும் அதற்கும் முடியும். முன்பின் தெரியாதவர் கையிலிருந்து வாங்கி, அதையும் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடுத்து சிஸ்டம் ஃபோல்டரில் வைக்கலாமா? அப்படியே நல்ல கோப்பாக இருந்தாலும் அடுத்த நிமிடம் எம்எஸ்விசிபி100 எங்கே என்று கேட்கும்.

கேள்வி: மேலே கேட்டவன்தான் சார். விண்டோஸ் 64 பிட் என்பதால் 64 பிட் பேக்கேஜைப் போட்டேன். இன்னும் அதே பிழை.

பதில்: விண்டோஸ் எத்தனை பிட் என்பது இங்கே கணக்கில்லை, மென்பொருள் எத்தனை பிட் என்பதுதான் கணக்கு. அந்தக் காலத்து மென்பொருள் பெரும்பாலும் 32 பிட். எக்ஸ்86 என்று குறித்திருக்கும் பேக்கேஜையும் நிறுவுங்கள். இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். நான் எப்போதும் இரண்டையும் சேர்த்தே போடுவேன்.

இன்னொன்று. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். பெயரைப் பார்த்து நேர்மாறாக நினைத்துத்தான் பலரும் கோப்பைத் தவறான இடத்தில் வைக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு "காணவில்லை" என்று வரவில்லை. 0xசி000007பி என்று ஒரு எண் மட்டும் வருகிறது.

பதில்: கோப்பு கிடைத்துவிட்டது, ஆனால் தப்பான வகை என்று அர்த்தம். அநேகமாக 32 பிட் நிரலுக்கு 64 பிட் டிஎல்எல் சிக்கியிருக்கும், அல்லது நேர்மாறாக இருக்கும். இதற்கு முன் எங்கிருந்தாவது கோப்பை எடுத்து மென்பொருள் ஃபோல்டரில் போட்டீர்களா? விண்டோஸ் பெரும்பாலும் நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும், பிறகுதான் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும். அதனால் நீங்கள் போட்ட தவறான கோப்பு சரியான கோப்பை மறைத்துவிடும். அதை எடுத்துவிட்டு முறையான பேக்கேஜை நிறுவுங்கள்.

கேள்வி: எம்எஸ்விசிஆர்90 கோப்பை நண்பரின் கணினியிலிருந்து, அதாவது நம்பிக்கையான இடத்திலிருந்துதான், காப்பி செய்தேன். இப்போது ஆர்6034 என்று பிழை.

பதில்: 2005, 2008 பதிப்புகள் விண்டோஸுக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற தனி ஃபோல்டரில், மேனிஃபெஸ்ட் என்னும் விவரக் கோப்போடு பதிவாகி இருக்க வேண்டியவை. வெறும் கோப்பை மட்டும் கொண்டுவந்தால் "என்னை முறையாக அழைக்கவில்லை" என்று அதுவே மறுத்துவிடும். காப்பி செய்ததை நீக்கிவிட்டு 2008 பேக்கேஜைப் போடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: அண்ணா, பழைய கேம் ஒன்று டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் கேட்கிறது. என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9 அதற்குள் அடங்காதா?

பதில்: டைரக்ட்எக்ஸ் 9 அடங்கும் தம்பி, டி3டிஎக்ஸ் அடங்காது. அது கேம் எழுதுபவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் தனியாகக் கொடுத்த உதவி நூலகம். 24-இல் தொடங்கி 43 வரை வரிசையாக வந்தது, ஒவ்வொரு கேமும் தான் எழுதப்பட்ட எண்ணை மட்டுமே கேட்கும். ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம் என்ற பேக்கேஜில் எல்லா எண்களும் இருக்கின்றன. எக்ஸ்இன்புட்1_3 கேட்கும் கேம்களுக்கும் இதுவே மருந்து.

இதில் ஒரு இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இறக்கிய கோப்பை ஓட்டினால் "எங்கே பிரித்து வைக்கட்டும்" என்று ஒரு ஃபோல்டர் கேட்கும். கொடுத்ததும் ஏகப்பட்ட கேப் கோப்புகளை (சுருக்கிக் கட்டிய கோப்புகள்)க் கொட்டிவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். நிறுவி முடிந்தது என்று நினைத்துக் கேமைத் திறந்தால் பழைய பிழையே வரும். அந்த ஃபோல்டருக்குள் போய் டிஎக்ஸ்செட்டப் என்பதை ஓட்டினால்தான் உண்மையில் நிறுவப்படும். அதற்கென்று ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கிக்கொள், டெஸ்க்டாப்பிலேயே கொட்டிவிடாதே.

கேள்வி: எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் சரியாகப் பதிவு செய்யப்படவில்லை என்கிறது. கோப்பு என்னவோ இருக்கிறது.

பதில்: உங்கள் மென்பொருள் அநேகமாக விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டது. அதன் அடிப்படை ரன்டைமான எம்எஸ்விபிவிஎம்60 இன்றைக்கும் விண்டோஸோடு வருகிறது. டூல்பார், லிஸ்ட்வியூ போன்ற கூடுதல் திரை உறுப்புகளுக்கான ஓசிஎக்ஸ் கோப்புகள் வருவதில்லை. அவை இருந்தால் மட்டும் போதாது, விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவாக வேண்டும். மென்பொருளின் அசல் சிடி இருந்தால் அதன் செட்டப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுவதே நல்லது. இல்லையென்றால் பழைய கணினியிலிருந்து ஓசிஎக்ஸை எடுத்து சிஸ்வாவ்64-இல் வையுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதே ஃபோல்டரில் இருக்கும், இந்தப் பதிவைச் செய்யும் ரெக்எஸ்விஆர்32-ஐக் கோப்பின் பெயரோடு ஓட்டுங்கள்.

எல்லா டிஎல்எல் பிழைக்கும் ரெக்எஸ்விஆர்32 ஓட்டச் சொல்லும் பழக்கம் பரவிவிட்டது. எம்எஸ்விசிஆர்100 போன்றவற்றில் பதிவு செய்ய எதுவுமே இல்லை. ஓட்டினால் நுழைவுப் புள்ளி கிடைக்கவில்லை என்றுதான் வரும். அதைப் பார்த்து வேறு கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: மாணவர் ஒருவர் எழுதித் தந்த நிரல் எம்எஸ்விசிபி140டி கேட்கிறது. எந்தப் பேக்கேஜிலும் இல்லையே?

பதில்: கடைசியில் டி வந்தால் டீபக் பதிப்பு, அதாவது பிழை தேடிப் பார்ப்பதற்கானது. எழுதுபவரின் கணினிக்கு மட்டும் உரியது, பேக்கேஜில் வராது. ரிலீஸ் பதிப்பாகக் கம்பைல் செய்து தரச் சொல்லுங்கள்.

கேள்வி: எது இல்லை என்றே சொல்லாமல் மென்பொருள் திறந்து உடனே மூடிக்கொள்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மைக்ரோசாஃப்டின் சிஸ்இண்டர்னல்ஸ் தொகுப்பில் பிராசஸ் மானிட்டர் இருக்கிறது, இலவசம். அதைத் திறந்து உங்கள் நிரலின் பெயரை மட்டும் ஃபில்டரில் கொடுத்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். கோப்பு தேடிய ஒவ்வொரு இடமும் ஒரு வரியாக ஓடும். முடிவு என்ற பத்தியில் "நேம் நாட் ஃபவுண்ட்" என்று நிறைய வரும்; எல்லாமே பிழை இல்லை. ஒரே டிஎல்எல் பெயரை நிரலின் ஃபோல்டர், சிஸ்டம் ஃபோல்டர், விண்டோஸ் ஃபோல்டர், பிறகு பாத் பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடம் என்று வரிசையாகத் தேடி, எங்குமே "சக்ஸஸ்" வராமல் நிரல் முடிந்திருக்கிறதா என்று கீழிருந்து மேலே பாருங்கள். அப்படி ஒரு பெயர் கண்ணில் பட்டால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கண்ணெதிரே இருக்கும் கோப்பையே இல்லை என்று சில நிரல்கள் சொல்வதும் இப்படித்தான். அந்த டிஎல்எல்லுக்குத் தேவையான இன்னொரு டிஎல்எல் இல்லாமல் இருக்கும், பழி முதலாவதன் மேல் விழும்.

கேள்வி: விபிரன்300.டிஎல்எல்?

பதில்: விஷுவல் பேசிக் 3, 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை நேரடியாக ஓட்டாது, கோப்பு கிடைத்தாலும் பயனில்லை. மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) 32 பிட் விண்டோஸ் போட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: லினக்ஸில் பழைய நிரல் லிப்பிஎன்ஜி12 கேட்கிறது. என்னிடம் லிப்பிஎன்ஜி16 இருக்கிறது. பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டால் ஏமாற்றிவிடலாமா?

பதில்: நிரல் ஏமாறினாலும் ஓடாது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களும் தரவு அமைப்பும் மாறியதால்தான் எண்ணையே மாற்றினார்கள். பழைய பதிப்பைத் தனி ஃபோல்டரில் வைத்து, அந்த நிரலை ஓட்டும்போது மட்டும் எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். என்னென்ன குறைகிறது என்று பார்க்க எல்டிடி கட்டளை இருக்கிறது. நம்பிக்கையில்லாத நிரலில் மட்டும் அதை ஓட்டாதீர்கள், சில சமயம் நிரலையே ஓட்டிவிடும்.

கேள்வி: எங்கள் மென்பொருளை எழுதிய நிறுவனமே இப்போது இல்லை. அது இருக்கும் எக்ஸ்பி கணினி தள்ளாடுகிறது. சிடியும் இல்லை. என்ன செய்வது சார்?

பதில்: அந்தக் கணினியில் புதிதாக எதையும் நிறுவிச் சோதிக்காதீர்கள். இன்றைக்கே தரவை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். அடுத்து கண்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைப் படம் பிடித்து வையுங்கள். எந்த ஆண்டு ரன்டைம்கள், எந்த டாட்நெட் பதிப்பு என்பதெல்லாம் அதில் தெரியும். பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து முழு டிஸ்கையும் இமேஜாக, அதாவது ஒரே கோப்பில் அடங்கும் நகலாக எடுங்கள். அந்த இமேஜை மெய்நிகர் கணினியில் ஏற்றினால் ஒவ்வொரு டிஎல்எல்லும் இருந்த இடத்திலேயே இருக்கும், தேடி அலைய வேண்டாம். வன்பொருள் மாறுவதால் முதல் முறை நீலத்திரை வரலாம். மெய்நிகர் கணினி அமைப்பில் டிஸ்க் கண்ட்ரோலரை ஐடிஇ என்று மாற்றிப் பாருங்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு ஏப்ரல் 2014-இல் நின்றுவிட்டது, ஆகவே ஏற்றிய கையோடு அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள்.