விவியன் மேயர் உண்மையிலேயே அவ்வளவு பெரிய புகைப்படக்காரரா?

கேட்டவரின் சந்தேகம் இதுதான்: அமெரிக்காவில் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி, ஒரு லட்சம் படம் எடுத்துத் தள்ளினார். அள்ளித் தெளித்தால் நாலு விதை முளைக்கத்தானே செய்யும்? அதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். மேயர் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் சுமார் 40 வருடம் படம் எடுத்தார். ஒரு லட்சத்தை அத்தனை வருடத்துக்கும் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழு படம்கூட வராது. ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் பத்தைச் சுற்றித்தான் நிற்கும். அவர் கழுத்தில் ரொம்ப காலம் தொங்கியது ரோலைஃப்ளெக்ஸ் கேமரா. அதில் போடும் 120 ஃபிலிமில் ரோலுக்கு 12 சதுரப் படம். ஆக, தினம் ஒரு ரோல்கூட இல்லை. இன்றைக்கு ஒரு கல்யாணத்தில் காலை முகூர்த்தத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் அடித்துவிடுகிறார்கள்.

அந்த மாதிரிக் கேமராவைப் பிடிக்கிற கஷ்டம் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் தாய்மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே ஒரு பழைய யாஷிகா மேட் கிடந்தது. அதுவும் ரெட்டை லென்ஸ் சாதிதான். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். உருவம் நேராகத்தான் தெரியும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். ஆள் வலது பக்கம் நடந்தால் கண்ணாடியில் இடது பக்கம் போவார். நாம் பதறிப்போய்க் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புவோம், அதற்குள் அவர் நம்மைத் தாண்டியிருப்பார். கடைத்தெருவில் நான் எடுத்த முதல் ரோலைக் கழுவிப் பார்த்த மாமா, "என்ன மாப்ள, பன்னெண்டும் முதுகாவே இருக்கு" என்றார்.

அதே வகைக் கேமராவில், நெரிசலான தெருவில், முன்பின் தெரியாதவர்களின் முகத்தைச் சில அடி தூரத்தில் நின்று எடுத்திருக்கிறார் மேயர். வயிற்று உயரத்திலிருந்து பார்ப்பதால் அவர் படங்களில் சாதாரண ஆட்கள்கூடச் சிலை மாதிரி நிமிர்ந்து தெரிகிறார்கள். குழந்தைகளை எடுக்கும்போது கேமரா அவர்கள் கண்மட்டத்துக்கே வந்துவிடுகிறது. ஃபர் கோட்டும் முத்துமாலையுமாக வரும் பணக்காரச் சீமாட்டிகள் முறைப்பதை அந்த நொடியிலேயே பிடித்திருக்கிறார். வெளியான காண்டாக்ட் ஷீட்களில், அதாவது ஒரு ரோலின் எல்லாப் படங்களையும் சின்னதாக வரிசையாகப் போட்ட தாள்களில், இன்னொன்றையும் கவனித்தேன். பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரே கிளிக். அடுத்த படத்தில் வேறு தெரு, வேறு முகம். அள்ளித் தெளிக்கிறவர் கை இப்படி இருக்காது.

அப்புறம் அவர் தன்னையே எடுத்துக்கொண்ட படங்கள். கடைக் கண்ணாடி, புல்தரையில் விழும் தொப்பி நிழல், ஒரு வேலையாள் தூக்கிப் போகும் நிலைக்கண்ணாடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் தன்னை வைத்துப் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் சிரிப்பே கிடையாது. எனக்கு அவருடைய மற்ற எல்லாப் படங்களையும்விட இவைதான் உசத்தி.

சரி, கண் இருந்தது. ஆனால் கிடைத்திருக்கிற புகழ் முழுக்க அந்தக் கண்ணுக்கா என்றால், இல்லை. கதைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பொருள்களைப் போட்டுவைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்டாததால் 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போகின்றன. சிகாகோவின் ஒரு பகுதியைப் பற்றிப் புத்தகம் எழுதப் பழைய படம் தேடிக்கொண்டிருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர், சுமார் 380 டாலருக்கு ஒரு பெட்டி நெகட்டிவை எடுக்கிறார். 2009 ஏப்ரலில் மேயர் இறந்துபோகிறார். அதே வருடம் படங்கள் இணையத்தில் ஏறித் தீயாய்ப் பரவுகின்றன. பிறகு கண்காட்சி, புத்தகம், ஆஸ்கர் பரிந்துரை வரை போன ஒரு ஆவணப்படம். நெகட்டிவ் கையில் இருந்தாலும் காப்புரிமை யாருக்கு என்று வழக்குகூட நடந்தது. ஆயா, ரகசியம், பூட்டிய பெட்டி... இவ்வளவும் சேர்ந்தால் சுமாரான படங்கள்கூட நன்றாகத்தான் தெரியும். அவரிடம் வளர்ந்தவர்களில் சிலர் அவரைப் பாசமாக நினைக்கிறார்கள், சிலர் அவருடைய கடுமையைச் சொல்கிறார்கள். படத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதால் நான் அதற்குள் போகவில்லை.

எனக்கு இருக்கும் உண்மையான உறுத்தல் வேறு. புகைப்படக்காரரின் வேலை கிளிக்கோடு முடிவதில்லை. எதை வைப்பது, எதைக் கழிப்பது, பிரிண்டில் இருட்டு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான். மேயர் ஒரு காலத்தில் வேலை பார்த்த வீட்டின் குளியலறையை டார்க் ரூமாக்கிப் பிரிண்ட் போட்டிருக்கிறார். ஆனால் அது கொஞ்சம்தான். கழுவாமலே விட்ட ரோல்கள் ஆயிரத்துக்கு மேல். இன்று நாம் பார்க்கும் சதுரப் படங்களில் பெரும்பாலானவை வேறு யாரோ தேர்ந்தெடுத்து, வேறு யாரோ பிரிண்ட் போட்டவை.

இதற்குப் பதிலாக, அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்டை இழுப்பார்கள். 1984இல் அவர் இறந்தபோதும் கழுவாத ரோல்கள் சுமார் 2,500 கிடந்தன. உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அவர் புத்தகம் போட்டிருந்தார், கண்காட்சி வைத்திருந்தார். தன் படத்தில் எது நல்லது என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் அந்த மிச்ச ரோல்களைப் பார்த்த, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவுத் தலைவராக இருந்த ஜான் ஷார்கோவ்ஸ்கி, அவரை வளர்த்துவிட்டவராக இருந்தும், கடைசிக் காலப் படங்கள் சரிந்துவிட்டன என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. மேயர் விஷயத்தில் அப்படிச் சொல்ல அளவுகோலே இல்லை. அவருடைய சரிவு நமக்குக் காட்டப்படவே இல்லை.

என் தீர்ப்பு கேட்டால்: 1950களிலும் 60களிலும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இந்தப் பெயர் தகும். தயக்கமே இல்லை. 70களில் 35 மி.மீ. கலருக்குப் போன பிறகு வந்தவற்றில் பலவற்றை, கீழே அவர் பெயர் இல்லாவிட்டால் நான் நின்று பார்த்திருக்க மாட்டேன். நியூயார்க் தெருக்களைப் படம் பிடித்த ஹெலன் லெவிட் பக்கத்தில் உட்கார வைப்பேனா? வைப்பேன், ஆனால் லெவிட்டை ஒரு நாற்காலி முன்னால் போட்டு.

பார்க்கத் தொடங்குவதென்றால் நியூயார்க் படங்களில் தொடங்குங்கள். ஆவணப்படத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.