அப்கிரேட் செய்ததும் சொப்ட்வெயாரைக் காணோம்: கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றது. எல்லாரும் 11க்கு மாறுகிறீர்கள், மாறிய கையோடு எதையாவது தேடுகிறீர்கள். தேடி முடியும்வரை, பழைய விண்டோஸின் பைல்களை அழிக்கும் டிஸ்க் கிளீனப் பக்கம் போகாதீர்கள்.

ஹட்டன், ஆசிரியை: சேர், வினாத்தாள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா மாறியிருக்கு. பைல் கெட்டுப்போச்சா?

பைலுக்கு ஒன்றுமில்லை டீச்சர், பாமினி எழுத்துருதான் போயிருக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் பைலுக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் இந்தக் குப்பை.

சி டிரைவில், பழைய விண்டோஸ் கிடக்கும் விண்டோஸ்.ஓல்ட் என்றொரு போல்டர் இருக்கும். அதற்குள் விண்டோஸ், அதற்குள் பொன்ட்ஸ். அங்கே இல்லையென்றால் உங்கள் கணக்குக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் விண்டோஸ்.ஓல்ட், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொப்ட், விண்டோஸ், பொன்ட்ஸ் என்று போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் கொடுத்தால் தெரியும். கிடைத்த பைலை ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டோல் போர் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள்.

நுவரெலியா: லதா எழுத்துருவும் இல்லையே?

அது வேறு கதை. செட்டிங்ஸில் ஒப்ஷனல் பீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்' சேருங்கள்.

பண்டாரவளை, கணக்கு வேலை: எதை வச்சுக்கணும்னு அப்கிரேட்ல கேட்டப்போ 'பைல்களும் ஆப்களும்' என்ற தெரிவு மங்கலா இருந்துச்சு அண்ணே. 'பைல்கள் மட்டும்' கொடுத்தேன். கணக்கு சொப்ட்வெயார் போயிருச்சு.

மங்கலாகத் தெரிந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் மொழி. மைக்ரோசொப்ட் தரும் ஐஎஸ்ஓவில், அதாவது விண்டோஸ் போடுவதற்கான பைலில், 'இங்கிலீஷ் யுனைட்டெட் ஸ்டேட்ஸ்' ஒன்று, 'இங்கிலீஷ் இன்டர்நெஷனல்' இன்னொன்று. உங்கள் கணினியில் முதலில் போட்டது எதுவோ அதே வேண்டும். மாறினால் ஆப்களை வைத்துக்கொள்ள விடாது. ஹோம், புரோ பதிப்பு ஒத்துவராவிட்டாலும் இதே கதிதான். பென்டிரைவில் பூட் செய்து போட்டால் அந்தத் தெரிவே வராது. விண்டோஸ் ஓடும்போதே உள்ளிருந்து செட்டப்பைத் திறக்க வேண்டும். ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல், இராத்திரி டேட்டாவில் இறக்குபவர்கள் மொழியைப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் கணக்கு டேட்டாவை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். அது டொக்கியுமென்ட்ஸில் இராது, விண்டோஸ்.ஓல்ட்டுக்குள் புரோகிராம் டேட்டாவிலோ புரோகிராம் பைல்ஸிலோ தேடுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்'. பழையது அப்படியே திரும்பும். அப்கிரேடுக்குப் பின் போட்ட ஆப்கள் போகும். தவணை 10 நாள். அதற்குள், கமாண்ட் புரொம்ப்டில் கொடுக்கும் டிஸ்ம் கட்டளையால் 60 நாள்வரை நீட்டலாம். நாள் கடந்தால் விண்டோஸே பழையதை அழித்துவிடும். 'கோ பேக்' மங்கலாக இருந்தால் சொப்ட்வெயாரைப் புதிதாகப் போட்டு டேட்டாவை உள்ளே கொடுங்கள்.

நானுஓயா: விண்டோஸ்.ஓல்ட்டில் இருக்கும் புரோகிராம் பைல்ஸை அப்படியே கொப்பி பண்ணலாமா?

முடியாது. ரெஜிஸ்ட்ரி பதிவும் சர்விஸும் லைசென்ஸும் போல்டரோடு வராது. இன்ஸ்டோல் இல்லாமலே ஓடும் போர்ட்டபிள் சொப்ட்வெயார் மட்டும் பிழைக்கும்.

பதுளை: போட்டோ சொப்ட்வெயார் போல்டரை கொப்பி பண்ணினா?

நானுஓயாவுக்குச் சொன்னது பதுளைக்கும் பொருந்தும்.

மஸ்கெலியா: இடம் பத்தலைன்னு விண்டோஸ்.ஓல்ட்டை அழிச்சிட்டேன்.

டிஸ்க் கிளீனப்! பாமினியை யாரிடமாவது பென்டிரைவில் வாங்கலாம். மற்றதெல்லாம் புதிதாகத்தான்.

ஹப்புத்தளை: வேர்ட்பேட் எங்கே?

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் மைக்ரோசொப்டே எடுத்துவிட்டது. லிப்ரெ ஒபிஸ் போடுங்கள்.

கண்டி, மாணவர்: என் உபுண்டு லினக்ஸில் சில சொப்ட்வெயாருக்கு அப்டேட்டே வரவில்லை.

அப்கிரேட் செய்யும்போது சொப்ட்வெயார் இறங்கும் வெளியார் களஞ்சியங்களை உபுண்டு முடக்கிவைக்கும். 'சொப்ட்வெயார் அண்ட் அப்டேட்ஸ்', 'அதர் சொப்ட்வெயார்' போய் புதிய பதிப்புக்கு ஏற்றதை மட்டும் மறுபடி இயக்குங்கள் தம்பி.

தலவாக்கலை, டைப்பிங் கடை: டீச்சருக்கு இன்னும் பாமினியா? எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாறச் சொல்ல வேண்டியதுதானே?

ஹட்டன், ஆசிரியை: அச்சகத்தில் பாமினிதான் கேட்கிறாங்க. கையும் அதில்தான் பழகியிருக்கு.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பழைய சொப்ட்வெயாரான பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தமிழ் சரிவராது. அதில் வேலை செய்யும் அச்சகம் பாமினி கேட்காமல் என்ன செய்யும்? ஆனால் கைப்பழக்கம் சாக்கு இல்லை டீச்சர். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு சொப்ட்வெயார் இரண்டிலும் பாமினி விசைமுறை உண்டு. அதே விரலில் யுனிகோட் விழும்.

தலவாக்கலை: அதைத்தானே சொன்னேன்!

நீங்கள் சொன்னது பழைய வினாத்தாள்களுக்கு ஆகாது. பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் தமிழோடு கலந்த ஆங்கிலச் சொல்லும் தமிழாகி உளறும், கணிதத் தாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே பழையது பாமினியிலேயே இருக்கட்டும், பிடிஎப் பிரதியும் ஒன்று எடுத்து வையுங்கள். வேர்ட்டில் ஒப்ஷன்ஸ், சேவ், 'எம்பெட் பொன்ட்ஸ் இன் த பைல்' போட்டுச் சேமித்தால், எழுத்துரு அனுமதித்தால், பைலோடு அதுவும் போகும். புதிதாக அடிப்பது யுனிகோட். அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளில் மட்டும் பாமினிக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துப் பார்த்து அனுப்புங்கள்.