30 முட்டை வைத்து 11 குஞ்சுதான் பொரித்தது, சில ஓட்டைக் குத்திவிட்டு நின்றுவிட்டன. இன்குபேட்டர் கோளாறா?

18ஆம் நாளுக்குப் பிறகு மூடியை எத்தனை முறை திறந்தீர்கள்? ஓட்டைக் குத்திவிட்டு நின்றன என்றால், அநேகமாக நான் செய்த தவறைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

முதல் முறை 24 கோழி முட்டைகள் வைத்தேன். 7ஆம் நாள் விளக்கொளியில் பார்த்தபோது 21 முட்டைகளில் ரத்த நாளங்கள் சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தன. 20ஆம் நாள் காலை கீச்சொலி கேட்டது. ஒரு முட்டையில் மிளகளவு விரிசல். மகளுக்குக் காட்ட மூடியைத் திறந்தேன். பிறகு அரைமணிக்கு ஒருமுறை திறந்தேன். எட்டுக் குஞ்சுகள்தான் வெளியே வந்தன. வராத ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்சவ்வு காய்ந்து இறகோடு ஒட்டியிருந்தது. உடலைத் திருப்ப முடியாமல், அலகைத் துளையில் வைத்தபடியே செத்திருந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

முதல் 18 நாள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். கடைசி மூன்று நாள் 65க்குக் குறையக் கூடாது. மூடியைத் திறந்தால் அது நொடியில் சரிந்துவிடும்.

வெப்பம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. உடனே சண்டைக்கு வராதீர்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ். ஆனால் பெட்டியோடு வந்த வெப்பமானியை நம்பாதீர்கள். என்னுடையது ஒரு டிகிரி குறைத்துக் காட்டியது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு வெதுவெதுப்பான நீரில் சேர்த்து வைத்துத்தான் கண்டுபிடித்தேன். 19ஆம் நாளே பொரித்தால் சூடு அதிகம், 23க்கு இழுத்தால் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டை, கழுவிய முட்டை இரண்டையும் வைக்காதீர்கள். 18ஆம் நாள் வரை தினமும் மூன்று முறையாவது திருப்ப வேண்டும்.

பொரிக்காததைக் கூமுட்டை என்கிறோம். பள்ளியில் கணக்கு வராததற்காக ஓர் ஆசிரியர் வகுப்பே கேட்க என்னை அப்படித்தான் அழைத்தார். இன்றும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பொரிக்காமல் போனதற்கு முட்டையா பொறுப்பு?

மிச்சமிருக்கும் 19 முட்டைகளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கரு மட்டும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சேவல் சேராத முட்டை. ரத்த வளையம் தெரிந்தால் கரு முதல் வாரத்திலேயே போய்விட்டது. முட்டையின் வயதையும் சூட்டையும் பாருங்கள். முழுக் குஞ்சு இருந்தால் அடுத்த முறை மூடிக்கு மேல் ஏதாவது கனமாக வைத்துவிடுங்கள். நான் செங்கல் வைக்கிறேன்.